கடைசிக் கலங்கரை விளக்கம்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை டூட்டி யாருக்கு, புது மெஷினுக்குப் பயிற்சி எடுக்க யார் போவது என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான் முடிவாகும். இரண்டு டெக்னீஷியன்கள், ஒரு சீட்டுப் பெட்டி. ஏழு வருடமாக இதுதான் வழக்கம்.

ஆண் டெக்னீஷியனை எல்லோரும் நிதானம் என்பார்கள். வயது நாற்பத்தொன்று. ஊசி குத்தினால் வலிப்பதே தெரியாது என்று நோயாளிகள் அவனைத் தேடி வருவார்கள். ஊசி குத்துவதற்கு முன்னால் அவன் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதிப் பேருக்குத் தூக்கமே வந்துவிடும் என்பது வேறு விஷயம். மற்றவர் ஸ்லைடு மேடம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் ரத்த அணுக்களை நறுக்கென்று எண்ணி முடித்து எழுந்துவிடுவாள். ஏழு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் அவளுக்கு அவன் சார், அவனுக்கு அவள் மேடம்.

ஆட்டம் சிக்கலில்லை. ஆளுக்குப் பத்துச் சீட்டு, பத்தும் கூலியாள். ஒரு கூலியாளுக்கு ஒரு பலம். கையில் ஐந்து சீட்டு எடுத்து, அதிலிருக்கும் பலத்தைக் கொண்டு நடுவிலிருந்து கூலியாள், அதைவிடப் பலம் கூடிய தச்சன், கிரேன் என்று வாங்கித் தன் கட்டில் சேர்க்க வேண்டும். அடுத்த சுற்றில் அவையும் கைக்கு வரும். வேண்டாத கூலியாளைக் கழித்துக் கட்டவும் வழியுண்டு. எட்டுப் பலம் சேர்ந்தால் ஒரு கலங்கரை விளக்கம் வாங்கலாம். நடுவில் இருப்பதே எட்டு விளக்கங்கள்தான். கடைசி விளக்கம் போனதும் ஆட்டம் முடியும், அதிகம் வைத்திருப்பவர் ஜெயித்தவர். சமமாக இருந்தால் கடைசி விளக்கத்தை எடுத்தவருக்கே ஜெயம்.

கேட்கச் சுலபம். ஆனால் வாங்கிய விளக்கம் கையில் வந்தால் எதற்கும் உதவாது, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதனால் நிதானம் முதலில் விளக்கத்தைத் தொடவே மாட்டான். கூலியாட்களைக் கழிப்பான், கிரேன் சேர்ப்பான், கிரேனுக்குத் துணையாகத் தச்சன் சேர்ப்பான். அவன் கட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அவன் அதை அழகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடம் அரைகுறைக் கட்டை வைத்துக்கொண்டு ஐந்து விளக்கத்தை அள்ளிவிடுவாள். பத்து ஆட்டத்தில் ஏழு அவளுக்குத்தான்.

சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம், சாப்பிட்டது போக ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடம். முடியாத ஆட்டத்தை அப்படியே பத்திரப்படுத்துவார்கள். மறுநாள் ஆட எடுத்த ஐந்து கைச்சீட்டை அவன் ரத்தம் பிடிக்கும் குழாய் போடும் பையில் போட்டு, லேபிள் ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்தும் போடுவான். மேடம் தன் சீட்டை, காமாலைப் பரிசோதனை ரத்தத்தில் வெளிச்சம் படாமலிருக்க வைத்திருக்கும் கறுப்புக் கவரில் போடுவாள். இரண்டையும் அலமாரியில் பூட்டுவதும் மறுநாள் எடுத்து வைப்பதும் அவள் வேலை.

ஒரு திங்கட்கிழமை கூடத்தின் தலைவர் இருவரையும் கூப்பிட்டார். இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் புதுக் கிளை திறக்கிறார்கள். ஒருவர் அங்கே போக வேண்டும், போனால் போனதுதான்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க, என் தலையை உருட்டாதீங்க."

அன்று மத்தியானமே மேசைக்குச் சீட்டுப் பெட்டி வந்தது. ஜெயித்தவர் முடிவு செய்யலாம், தோற்றவர் மறுபேச்சுப் பேசக்கூடாது என்று ஒப்பந்தம்.

நிதானத்துக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. போனில் அவன் அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"என்னடா, அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?"

"இல்லக்கா. கொஞ்சம் ஏற்பாடெல்லாம் முடிச்சுட்டு..."

"முதல்ல வேலை நிரந்தரமாகட்டும்ன. ஆச்சு. வீடுன்ன. ஆச்சு. இப்ப என்னடா பாக்கி?"

"பால்கனிக்குக் கம்பி போடணும்க்கா."

அக்கா போனை வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மேடத்திடம் 'என்னைக் கட்டிக்கிறீங்களா' என்று கேட்க இவனுக்கு ஏழு வருடம் போதவில்லை. பால்கனியில் கம்பி இல்லாததைக் காரணமாகச் சொல்லும் ஆளை வேறு எப்படித் திட்டுவது?

வியாழக்கிழமைக்குள் அவளிடம் நாலு விளக்கம், அவனிடம் மூன்று, நடுவில் ஒன்று. அந்த ஒன்றை யார் எடுக்கிறார்களோ அவருக்கே ஜெயம். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. யார் ஜெயித்தாலும் ஒருவர் போகத்தான் போகிறார். ஆட்டம் முடிந்தால் மேசை முடிந்தது.

வெள்ளிக்கிழமை அவன் கையில் ஒன்பது பலம் வந்தது. இரண்டு கூலியாளை மட்டும் காட்டி, இன்னொரு கூலியாளை வாங்கிக்கொண்டான். காட்டாத சீட்டுகளைக் கவிழ்த்துத் தள்ளிவிடலாம் என்பது விதி. மேடமும் ஒரு தச்சனை வாங்கினாள்.

சனி, திங்கள், செவ்வாய் எல்லாம் இதே கதை. சாதாரணமாக நாலு மத்தியானத்தில் முடிகிற ஆட்டம் ஜவ்வாக இழுத்தது. கிரேன் தீர்ந்தது, தச்சன் தீர்ந்தது, கூலியாளும் தீர்ந்தது. மாதிரி எடுத்து வரும் டிரைவர் எட்டிப் பார்த்து, "என்ன சார், இன்னுமா? பத்து நாள்ல நான் ஒரு வீடே கட்டியிருப்பேன்" என்றார். நிதானம் அசடு வழியச் சிரித்தான். உள்ளுக்குள் அவனுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு சாமர்த்தியமாக எதையும் செய்ததில்லை. வியாழக்கிழமை விளக்கத்தைத் தவிர வாங்க ஒன்றுமே இல்லாமல், "நான் ஒண்ணும் வாங்கல மேடம்" என்றான். "நானும்தான்" என்றாள் அவள்.

கடைசி வெள்ளிக்கிழமை. மணி ஒன்று நாற்பது. அன்று அவன் கைக்குப் பத்துப் பலம். அப்படியே கவிழ்த்து வைத்தான்.

மேடம் அந்தக் கவிழ்ந்த சீட்டையும் அவன் முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கறுப்புக் கவரிலிருந்து தன் சீட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் பரப்பினாள். எட்டு. நடுவிலிருந்த விளக்கத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"முடிஞ்சுது சார்."

"நீங்கதான் மேடம் ஜெயிச்சீங்க. நான் போறேன்" என்றான் அவன்.

"இல்ல. நான் போறேன்."

"ஜெயிச்சுட்டு ஏன் மேடம்?"

அவள் அலமாரியைத் திறந்து, அவனுடைய நேற்றைய பையை எடுத்து மேசையில் வைத்தாள். லேபிள், தேதி, கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. பைதான் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது, ரத்தம் பிடித்த குழாய் வெளியிலிருந்தே தெரிய வேண்டுமே.

"தினமும் இதைப் பூட்டி வைக்கிறதும் எடுக்கிறதும் நான்தான். ஏழு வருஷமா எடுத்த எடுப்புல கவிழ்த்துத்தான் வைப்பேன். போன வெள்ளிக்கிழமை வெளியே எடுக்கும்போது கைதவறிப் பார்த்துட்டேன், ஒன்பது. அதுக்கப்புறம் வேணும்னேதான் பார்த்தேன். ஏழு நாள்ல அஞ்சு நாள் உங்களால முடிச்சிருக்க முடியும்."

அவன் தலை நிமிரவில்லை.

"எனக்கும் நாலு தடவை எட்டு வந்துச்சு. நானும் எடுக்கல. ஆட்டத்தை நிறுத்தி வச்சுட்டு இந்த மனுஷன் ஏதோ கேட்கப் போறார்னு இருந்தேன். இங்கேயே இருந்தா இன்னும் ஏழு வருஷம் கூலியாள் வாங்கிட்டே இருப்போம் சார். மணி ஒன்னே முக்கால். இப்பவாவது சொல்லுங்க."

அவன் நிமிர்ந்தான். வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தே விட்டது, அதில் சந்தேகமில்லை.

"சொல்றேன் மேடம். நீங்க அங்க போய் ஒரு ரெண்டு மாசம் செட்டில் ஆகுங்க, நானும் இங்க பால்கனி வேலையை முடிச்சுட்டு..."

மேடம் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு அது. சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள், கையைத் துடைத்தாள்.

"முடிச்சுடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் அறைக்குப் போனாள்.

அவன் எட்டு விளக்கங்களையும் பொறுக்கி, கிரேன்களைத் தனியாக, தச்சன்களைத் தனியாக, கூலியாட்களைத் தனியாக அடுக்கிப் பெட்டியில் போட்டு மூடினான். ஒரு சீட்டுகூட இடம் மாறவில்லை. இரண்டு மணிக்கு ஒரு கிழவரின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எதிர் அறையில் மைக்ராஸ்கோப் விளக்கு அணைவது தெரிந்தது.

"என்னப்பா, குத்தறதுக்கு முன்னாடியே நீ அழறே?" என்றார் கிழவர்.