ஏழாம் நம்பர் ஷில்கர்

ஷில்கர் ஒயினை முதன்முதலாகக் குடிக்கிறவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். ரோஜா நிறத்தில் பளபளவென்று இருக்கிறதே, இனிக்கும்போல என்று நம்பி ஒரு மடக்கு உள்ளே தள்ளுவான். பல் கூசி, தாடை இழுத்து, மூஞ்சி அஷ்டகோணலாகிவிடும். வில்ட்பாக்கர் திராட்சையின் குணம் அப்படி. எங்கள் மேற்கு ஸ்டைரியாவின் சரிவுகளைத் தவிர வேறெங்கும் அதைச் சீண்டுவார் இல்லை. சீண்டாதவனுக்குத்தான் நஷ்டம் என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஆட்கள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதற்கென்றே ஒரு விழா எடுக்கிறார்கள்.

வேறு திராட்சையில் பிழிந்த ஒயின் ஒரு சொட்டுக்கூட அன்றைக்குத் தேவாலயத் திடலுக்குள் வரக்கூடாது. கோப்பையைப் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரே திராட்சையை ஒவ்வொருவனும் என்ன பாடு படுத்தியிருக்கிறான் என்று கடை கடையாகக் குடித்துப் பார்ப்பதுதான் விழா. கிராட்ஸிலிருந்தும் வியன்னாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறதோ, தெரியாது. ரோஸ்வித்தாவுக்குக் கிடைத்தது வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

ரோஸ்வித்தா இந்த ஊரில் பிறந்தவள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகத் தங்கள் திராட்சைத் தோட்டம் இருந்த ஹோலர்லைட்டன் சரிவில் ஏறி, அப்பாவோடு கொடி கட்டுவாள். தம்பி கெர்னோட் அப்போது மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு திரிந்தான். தோட்டத்தைத் துண்டு போடுவது எங்கள் வழக்கமில்லை. ஒருவர் கைக்குத்தான் மொத்தமும் போகும். அப்பா அதைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். கொடி கட்டியவளுக்குக் கையில் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். கல்லறையிலிருந்து வந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது ரோஸ்வித்தா எழுந்து நின்று சொன்னாள்: "அந்தச் சரிவுல இனி என் காலு படாது. இவனோட எனக்குப் பேச்சும் கிடையாது." கிராட்ஸுக்குப் போய் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். இருபது வருடத்துக்கு மேலாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

ஆனால் விழா நடப்பது திடலில். சரிவு இருப்பதோ தேவாலயக் குன்றுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாது. அதனால் விழாவுக்கு வருவதில் சத்தியத்துக்குப் பங்கமில்லை என்று அவளே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டாள். பேருந்தில் வந்து இறங்குவாள். மத்தியானம் நடக்கும் போட்டியில் கலந்துகொள்வாள். புட்டிகளுக்குக் கம்பளிக் காலுறை மாட்டி நம்பர் கட்டி வைத்திருப்பார்கள். எது யாருடையது என்று சொல்ல வேண்டும். மற்றவற்றில் அவள் தப்பலாம். ஹோலர்லைட்டனில் மட்டும் ஒரு வருடமும் தப்பியதில்லை. விழாத் தலைவர் ஹெல்ஃப்ரீட் ஒலிபெருக்கியை நீட்டி, "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்பார். அவள் தம்பி கடையை நேராகப் பார்த்துக்கொண்டு சொல்வாள்: "என் மண்ணு எனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் வருடம் முழுவதும் உயிரோடு இருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். பத்திரம் உன் பேரில் இருக்கலாம், ருசி என் நாக்கில் இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். ஊர் முன்னால் தம்பியை அறைந்த மாதிரி இருக்கும். கைதட்டலோடு புகைபோட்ட பன்றித் தொடை ஒன்றும் பரிசாகக் கிடைக்கும்.

இந்த வருடம் அவள் வந்தது அதற்கு மட்டுமல்ல. கெர்னோட்டுக்கு முட்டி போய்விட்டது, பிள்ளைகுட்டியும் இல்லை, தோட்டத்தை விற்கப்போகிறான் என்று காதில் விழுந்திருந்தது. ஓய்வு பெற்றபோது வந்த பணம் வங்கியில் அப்படியே கிடக்கிறது. சத்தியத்தை இன்றைக்கு உடைத்துவிடுவது, சரிவைக் கேட்டு வாங்கிவிடுவது என்று முடிவோடுதான் பேருந்து ஏறினாள்.

போட்டி தொடங்கியது. மூன்றாம் நம்பரை ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாள்.

"இத யாரு பிழிஞ்சது? காலுறையையும் சேத்துப் பிழிஞ்சிட்டான் போல."

"அது என்னோடதுக்கா," என்றான் கூட்டத்திலிருந்து ஒருவன். திடல் சிரித்தது.

ஏழாம் நம்பரை வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். நாக்கின் இரண்டு ஓரத்திலும் புளிப்பு ஏறி, நெல்லிக்காய் மாதிரி கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பாக இறங்கியது. ஈரக் கல்லின் வாசனை. அப்பாவின் சட்டைகூட ஞாபகம் வந்தது.

"ஏழு. ஹோலர்லைட்டன்."

ஹெல்ஃப்ரீட் காலுறையை உருவினார். அதேதான். பரிசு சாயங்காலம் என்று அறிவித்தார். நெஞ்சு நிறைந்தபடியே ரோஸ்வித்தா தம்பி கடைக்கு நடந்தாள்.

"கெர்னோட்."

ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "என்னக்கா," என்றான், நேற்றுப் பேசியவளிடம் பேசுகிற மாதிரி.

"தோட்டத்த விக்கப்போறியாமே. ஹோலர்லைட்டன மட்டும் எனக்குக் குடு. அடுத்தவன் என்ன விலை சொல்றானோ அத நான் தர்றேன்."

கோப்பை கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி டிராவ்டி நிமிர்ந்தாள். "அண்ணி, உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"என்னது தெரியாது?"

"அங்க கொடி இல்லக்கா," என்றான் கெர்னோட். "மஞ்சள் நோய் வந்துச்சு. வேரோட பிடுங்கி எரிச்சு ஆறு வருஷம் ஆச்சு. நெலத்தையும் அப்பவே வித்தாச்சு. கிராட்ஸ்காரங்க குதிரை மேயுது."

"அப்ப இது?" புட்டியைக் காட்டினாள்.

"கீழ ஓடையோரத்துக் கொடி. புட்டி மேல பேரு மட்டும் அப்பா வச்சதே. ஒளிக்கலக்கா, புட்டிக்குப் பின்னாடியே போட்டிருக்கு. நீ எங்க புட்டியப் பாத்த? காலுறையத்தான பாத்த."

"ஊருக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியாம?" என்றாள் டிராவ்டி. "ஹெல்ஃப்ரீட் அண்ணன்தான் வாயத் தெறக்காதீங்கன்னாரு. நீங்க சொல்ற அந்த வசனத்தக் கேக்கவே பாதி சனம் வருதாம்."

ரோஸ்வித்தாவுக்கு அவமானத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆறு வருடம். ரொட்டிக் கடைக்காரன், பாதிரியார், கூடப் படித்தவர்கள், அத்தனை பேரும் கைதட்டினார்கள். கரடி வித்தை பார்த்த மாதிரி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்காமல் பரிதாபப்பட்டிருந்தால் அது இன்னும் மோசம்.

"அப்ப நான் கண்டுபிடிச்சது எதடா?"

"கொடி போன மொத வருஷம் நானும் அதத்தான் யோசிச்சேன். இந்தத் தடவ மாட்டிக்குவன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ அப்பவும் கரெக்டா எடுத்த." கெர்னோட் துண்டால் கையைத் துடைத்தான், துடைத்ததையே துடைத்தான். "மண்ணு போச்சு, கொடி போச்சு. மிச்சம் என்ன இருக்கு? என் கைதான். அப்பா எனக்கு ஒண்ணும் சொல்லித் தரலக்கா. அவரு உன்கிட்டதான் பேசுவாரு. இங்க இருக்கிறவன் எவனும் என் ஒயின நல்லாருக்குன்னு வாய்விட்டுச் சொன்னதில்ல. கண்ண மூடிக்கிட்டு நீ ஒருத்திதான் சொல்ற."

அவள் புட்டியை எடுத்துத் திருப்பி, பின்னால் போட்டிருந்ததைப் படித்தாள்.

"அடுத்த வருஷம் நான் இல்ல. எல்லாத்தையும் விக்கிறேன். இன்னிக்கு மேடையில ஒரே ஒரு தடவ மாத்திச் சொல்லிட்டுப் போ. மண்ணு இல்ல, என் தம்பி கைன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

நியாயமாகத்தான் கேட்டான். அது அவளுக்கே தெரிந்தது. தெரிந்ததால்தான் இன்னும் வயிறு எரிந்தது. சரிவு கேட்டு வந்தவளிடம் சரிவு இல்லை என்று சொல்லிவிட்டு, அவளிடமே தானம் கேட்கிறான். தவிர, இத்தனை வருடம் நாக்கில் வைத்துக் கொஞ்சியது இவனையா? யாரை மன்னிக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளோ, அவனையா?

சாயங்காலம் மேடையில் ஏற்றினார்கள். பரிசுப் பன்றித் தொடையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். ஹெல்ஃப்ரீட் கண்ணைச் சிமிட்டி ஒலிபெருக்கியை நீட்டினார். "எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

உள்ளூர்க்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கெர்னோட் கடையை விட்டு வெளியே வந்து, ஒரு முட்டியில் பாரம் போட்டு நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

"என் மண்ணு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள் அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள். கெர்னோட் தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். விழா முடிய இன்னும் நேரம் இருந்தது; அவன் புட்டிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"நல்லா இருங்க அண்ணி," என்றாள் டிராவ்டி, ரோஸ்வித்தா கடையைத் தாண்டிப் போகும்போது. அதில் வாழ்த்து எதுவும் இல்லை.

பேருந்தில் பன்றித் தொடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கழுத்துப் பையில் இருந்த கோப்பையின் அடியில் ஏழாம் நம்பர் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஜன்னல் வழியாகக் கொட்டிவிடத்தான் எடுத்தாள். குடித்துவிட்டாள். புளிப்பு ஏறியது, இனிப்பு இறங்கியது, ஈரக் கல் வாசனை வந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் நாக்கு ஹோலர்லைட்டன் என்றே சொன்னது.

நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. இனி எந்த ஆகஸ்டிலும் இது கிடைக்காது என்பது பேருந்து ஊரெல்லையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அவன் கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஒரு புட்டியாவது கேட்டு வாங்கியிருக்கலாம்.