படிவத்தின் பின்பக்கம்

நல்லேப்பிள்ளிப் பஞ்சாயத்தில், வயலை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி பெற்றவர்களில் ருக்குமணி ஒருத்திதான் பெண். அவள் வாங்கிய புது இரட்டைக்குழல் துப்பாக்கி மூன்றாம் மாதமே கோளாறானது. ஒரு விசையை இழுத்தால் இரண்டு குழலிலும் தோட்டா ஒன்றாக வெடித்தது. துப்பாக்கி பின்னால் உதைத்த வேகத்தில் அவளுடைய வலது தோள் கன்றிப்போனது.

"ஒண்ணுமில்லீங்க, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்று கணவன் கிட்டுசாமியிடம் சொன்னாள். சரியாகவில்லை. அவர் தினமும் தைலம் தேய்த்துவிட்டார்.

வாரண்டி இருந்ததால் பாலக்காட்டுக் கடையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். கோளாறு விவரம் எழுதும் படிவத்தைக் கிட்டுசாமி வாங்கி, முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதினார்.

ஆறு வாரம் கழித்துத் துப்பாக்கி கடைக்கு வந்தது; இருவரும் வாங்கப் போனார்கள். விசைப் பொறியை மாற்றியிருந்தார்கள். தோளில் பதியும் கட்டையில் தடித்த ரப்பர் மெத்தை ஒன்றும் இருந்தது.

"இது நாங்க கேக்கலீங்களே?" என்றாள் ருக்குமணி.

"கம்பெனியில சும்மா போட்டுக் குடுத்திருக்காங்க" என்று கடைக்காரர் சிரித்தபடி படிவத்தின் நகலை நீட்டினார். "உங்க வீட்டுக்காரர் எழுதினதைப் படிங்க."

துப்பாக்கியைப் பற்றி இரண்டே வரிதான். மீதி முழுக்க அவள் தோள். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, தலை சீவும்போது எப்படிப் பல்லைக் கடிக்கிறாள் என்பது வரை எழுதியிருந்தார்.

"ஏனுங்க, இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கணவனிடம் திரும்பினாள்.

"கோளாறு என்னன்னு கேட்டிருந்தாங்க புள்ள."

பஸ்ஸில் ஊர் வரும் வரை அவள் அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். கிட்டுசாமி வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.