இறக்கையின் உள்பக்கம்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கணவர் என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. நேரில் கேட்கப் பயமாக இருந்தது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் எவாஞ்சலின். வடலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மனுக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் தட்டச்சு செய்கிறேன். ஆள் வராத நேரத்தில் அதே மடிக்கணினியில் கதை எழுதுவேன்; மாலையில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். கணவர் ஜெரால்டு, நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். பழுப்பு நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டை ஒட்டி, உயரத்தில் போகிற இரும்பு நடைபாதையில் நின்று வேலை செய்பவர். எங்கள் வீடு பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில்.

முதல் தொடக்கம் இது:

‘முதல் ஷிப்ட் முடிந்து மதியம் வந்ததும் அவன் கொல்லைப்புறத் தகரக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு’

ஒரு என்ன? அங்கேயே நின்றுபோனது. மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளித் திறந்தேன். ஒரு விமானம் இருந்தது.

(கதைக்காக ‘அவன்’ என்று எழுதிப் பார்த்தேன். பதினோரு வருஷமாக ‘என்னாங்க’ என்று கூப்பிட்டவளுக்கு அது சரிப்படவில்லை. இனி ‘அவர்’தான்.)

2

இரண்டு விசிறி வைத்த சின்னப் பயணிகள் விமானம். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. உடம்பு, பழைய பிவிசி குழாயைச் சூடாக்கி வளைத்தது. சக்கரங்கள், யாரோ தூக்கிப்போட்ட டேப் ரெக்கார்டரின் ரப்பர் உருளைகள். சக்கரக் கால்கள், பால்பேனா ரீஃபில் நுனிகள். ஜன்னல்கள், சட்டை டப்பாவின் மூடியிலிருந்து. விமானி அறைக்குள் கடுகளவில் பதினாறு கடிகாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை முள். எதுவும் கடையில் வாங்கியதல்ல.

இறக்கைகளைப் பற்றி இரண்டாம் தொடக்கத்தில் இப்படி எழுதினேன்: ‘இறக்கைகள் கெண்டை மீனின் செதில்போல் வெள்ளியாக மின்னின.’

இந்த வாக்கியத்தைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது. அப்போது அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

“எதுக்குங்க ஏரோப்ளேன்?” என்று கேட்டேன்.

“சும்மாதான்.”

“சின்ன வயசுல பறக்கணும்னு ஆசையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு என்னாத்துக்குப் பறக்கணும்? இதுல சின்னச் சின்ன வேல நெறைய இருக்குது, அவ்ளோதான்.”

கதாசிரியைக்கு இது போதவில்லை. வானத்தை ஏங்கிப் பார்த்த ஒரு சிறுவனை இரண்டு பக்கம் எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தேன். அந்தச் சிறுவனை எனக்குத் தெரியாது. ஜெரால்டுக்கும் தெரியாது. அழித்தேன்.

3

சிங்காரவேல் வந்த பிறகுதான் எனக்குக் கதை புரிந்தது. அவர் ஜெரால்டோடு வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் மாதா கோயிலிலிருந்து திரும்பும்போது வழியில் நிறுத்தினார்.

“அண்ணி, அண்ணன் கையப் பாத்தீங்களா?”

“ஏன்?”

“நடுங்கிகினே இருக்குது அண்ணி. ஆறு மாசமா நட்டு முடுக்குற வேலய நாந்தான் பாத்துகினு இருக்கேன். போன வாரம் மேலருந்து ஸ்பேனர வுட்டுட்டாரு. கீழ ஆளு இல்ல. மாதா புண்ணியம்.”

அவர் இந்து. எனக்காக மாதாவைச் சொன்னார்.

நேரே கொட்டகைக்குப் போனேன். ஜெரால்டு விசிறியில் ஆணி பொருத்திக்கொண்டிருந்தார். வலது கையை இடது கை பிடித்திருந்தது. கட்டை விரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

“எவ்ளோ நாளாங்க?”

விசிறியைக் கீழே வைத்தார். பிறகு விமானத்தைக் காட்டினார். இடது இறக்கை முதலில் செய்தது. அதன் தகட்டில் ஆணித்தலைகள்போல் ஊசி நுனியால் அழுத்தி வைத்த புள்ளிகள் ஒரே கோட்டில் போயின. வலது இறக்கை பிறகு செய்தது. புள்ளிகள் பாதி வழியில் வளையத் தொடங்கி, நுனியில் சிதறிக் கிடந்தன.

“தினம் பத்து புள்ளி வெச்சுப் பாப்பேன். கை எப்படி இருக்குதுனு தெரிஞ்சிடும்” என்றார். “எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிது. கடைசில சோறு ஊட்டணும். நீ பாத்ததில்ல. வெளிய தெரிஞ்சா கான்ட்ராக்டர் மறுநாளே வேலைக்கு வராதம்பான். அதான் சொல்லல.”

அவர் விமானம் கட்டவில்லை. தன் கையை அளந்துகொண்டிருந்தார்.

(மேலே உள்ள வரியோடு கதையை முடித்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். நல்லவேளை, முடிக்கவில்லை.)

4

புதுச்சேரியில் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கினோம். ஐம்பது வயதுப் பெண்மணி. போவதற்கு முந்தின நாள், கடையில் யாரும் இல்லாதபோது, ஒரு முடிவை எழுதினேன். அதில் ஜெரால்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்குச் சோறு

அதற்கு மேல் இங்கே தரமாட்டேன். முழுதாக எழுதினேன், சேமித்தும் வைத்தேன் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

மருத்துவர் அவரைச் சுருள் வரையச் சொன்னார். கையெழுத்துப் போடச் சொன்னார். எழுத்து போகப்போகச் சிறுத்தது. மணிக்கட்டைப் பிடித்து மடக்கிப் பார்த்தார்.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“இல்லைங்க டாக்டர். சுகர் இல்ல, பிரஷர் இல்ல.”

நடுக்கம் எப்போது ஆரம்பித்தது என்று மருத்துவர் கேட்டார். ஜெரால்டு திணறினார். நான் பையிலிருந்து இரண்டு இறக்கைகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். கழற்ற வருகிற மாதிரிதான் செய்திருந்தார். தேதி தெரியாவிட்டாலும் புள்ளிகள் சொல்லும் என்று கொண்டுபோயிருந்தேன்.

மருத்துவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புள்ளிகளை வரிசையாகப் பார்த்தார். பிறகு இறக்கையைத் திருப்பி, திறந்திருந்த அடிப்பக்கம் வழியாக உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இந்தத் தகடு எது?”

“மாத்திர அட்டைங்க. பிதுக்காம பிளேடால கீறி எடுத்து, கரண்டி முதுகால தேச்சா சமமாயிடும். எழுத்து இருக்குற பக்கத்த உள்ள வெச்சுட்டேன்.”

“யார் சாப்பிட்ட மாத்திரை?”

“நாந்தாங்க. தலசுத்தலுக்கு.”

“இப்பதானே மாத்திரை இல்லைன்னு சொன்னீங்க?”

“அது வந்து... தலசுத்தல் மாத்திரதானே டாக்டர்.”

போன வருஷம் அவருக்குத் தலைசுற்றல் வந்தது எனக்குத் தெரியும். பதினைந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். சரியாகிவிட்டது என்று நான் மறந்துபோனேன். அவர் நிறுத்தவில்லை. உயரத்தில் நிற்கும்போது சுற்றிவிட்டால் என்ன செய்வது என்று அட்டையைக் காட்டிக் காட்டிக் கடையில் வாங்கி, பத்து மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு இறக்கைகளின் உள்பக்கத்திலும் ஒரே பெயர் நூறு தடவை அச்சாகியிருந்தது.

மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “இந்த மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டா சில பேருக்கு இப்படி நடுக்கம் வரும். நடுக்குவாத வியாதி மாதிரியே தெரியும். ஆனா அது இல்லாம இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. இன்னையோட நிறுத்துங்க. பெரும்பாலும் தானா குறைஞ்சிடும். ஆனா மாசக்கணக்குல ஆகும். முழுசா போகலைன்னா அப்ப வேற பாக்கணும்.”

ஜெரால்டு என்னைப் பார்த்தார். நான் இறக்கையைப் பார்த்தேன்.

வெள்ளியாக மின்னியதாம். கெண்டை மீனின் செதிலாம். அந்த அட்டைகளை நான் எத்தனை தடவை கையில் எடுத்திருப்பேன்! இது ஏது, யார் சாப்பிட்டது என்று ஒரு மனைவி கேட்டிருப்பாள். எழுத்தாளருக்கு உவமை கிடைத்துவிட்டது, கேட்கவில்லை. அதனால்தான் அந்த வாக்கியத்தை மேலே அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

கடலூரில் பேருந்து மாறும்போது ஆளுக்கு நான்கு வாழைக்காய் பஜ்ஜி தின்றோம். நான்காவது பஜ்ஜியில் அவருக்குச் சிரிப்பு வந்தது. “தலசுத்தல் மாத்திரதானே டாக்டர்” என்று தன் குரலையே தான் நடித்துக் காட்டினார். நான் சிரித்தேன், பிறகு அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எனக்குக் காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

5

ஐந்து மாதம் ஆகிறது. முதல் மாதம் ஒன்றும் மாறவில்லை. அந்த மாதத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு காலை அவர் டம்ளரை ஒரே கையால் தூக்கிக் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான் இருவரும் கவனித்தோம். உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கீழே பணிமனையில் வேலை கேட்டு வாங்கியிருந்தவர், திங்கள்கிழமை மறுபடி மேலே ஏறுகிறார். சிங்காரவேல் கூடவே நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நேற்று இந்தக் கதையை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். கணினியில் தேடும்போது அந்த இன்னொரு முடிவும் அவர் கண்ணில் பட்டுவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். வந்து வாசலில் நின்றார்.

“இத எப்ப எழுதன?”

“டாக்டர்கிட்ட போறதுக்கு முந்தின நாளு.”

“இவ்ளோ பயத்த வெச்சுகினு அன்னைக்கு எனக்கு மீன்கொழம்பு வெச்ச?”

“வேற என்னாங்க பண்றது?”

அவர் என் தோளில் கை வைத்தார். வலது கை. நான் அடுப்பை அணைத்தேன்.

“அழிச்சுடட்டுமா?” என்று கேட்டேன்.

“உன்னோடதுதானே. உன் இஷ்டம்.”

அழித்தேன். கதைக்கு நல்லதா என்று யோசிக்காமல் நான் எடுத்த முதல் முடிவு அதுதான்.

6

அப்படியானால் முடிவு? அவர் மேலே ஏறுவதற்கு முன், இந்த வியாழக்கிழமை புதுச்சேரியில் கடைசிப் பரிசோதனை. அதுவரை காத்திருந்தால் ஒழுங்கான முடிவு ஒன்று கிடைக்கும். காத்திருக்க மாட்டேன். புதன்கிழமையே இதை அனுப்பிவிடப்போகிறேன். மருத்துவர் சொல்வதற்கு முன்பே ஒரு முடிவை எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்; ஒருமுறை செய்துவிட்டேன்.

“முடிவு இல்லாம அனுப்பப்போறியா?” என்று அவர் கேட்கிறார். பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

“படிக்கிறவங்க எழுதிக்குவாங்க.”

“அவங்களுக்கு என்னா தெரியும்?”

“நமக்கு மட்டும் தெரியுமா?”

யோசித்துவிட்டுச் சொல்கிறார்: “அப்ப ஒண்ணு எழுது. யாரு எழுதுனாலும் சரி, திங்கக்கெழம நான் மேல ஏறுறத மட்டும் மாத்த வேணாம்னு சொல்லு.”

சொல்லிவிட்டேன். மற்றதெல்லாம் உங்கள் கையில்.