சத்தம் வராத மவுஸ்

...இல்ல, இப்பவும் கேக்கல, ஃபேன் சத்தம் கேக்கு, அடுத்த தெருவுல தறி ஓடுதது கேக்கு, பக்கத்து வீட்டு ஷஹீரா பாத்திரம் கழுவுதது கூட கேக்கு, அந்த ஒரு சத்தம் மட்டும் கேக்கல, ரெண்டு நாளாவே கேக்கல. கையில கத்தரி இருக்கு, மடியில சேலை கெடக்கு, சாயந்தரத்துக்குள்ள நாப்பது சேலைக்குப் பிசிறு வெட்டிக் குடுக்கணும், ஒரு இழை வெட்டுதேன், காது எந்திரிச்சுப் போயி அந்தக் கதவுல ஒட்டிக்கிடுது. உள்ள பிரியா இருக்கா, என் மக, சண்முகப்ரியா. வேலை பாக்கா... பாக்காளா? காலையில ஒம்பது மணிக்கு உள்ள போனா, இப்ப மணி மூணு, நடுவுல சோறு திங்க வந்தா, ரெண்டு வாய் தின்னா, போயிட்டா, அதுக்கப்புறம் ஒரு அசைவும் இல்ல. ஏட்டி இசக்கிச்செல்வின்னு என்னயே நான் ஏசிக்கிடுதேன், போயி எட்டிப் பாரேன், பாத்தா என்ன கொறைஞ்சா போயிருவ? பத்து நிமிசத்துக்கு முன்னாடிதான பாத்தே, தண்ணி வேணுமான்னு கேட்டே, அதுக்கு முன்னாடி காப்பி வேணுமான்னே, அதுக்கும் முன்னாடி பழைய பேப்பரு ஏதும் கெடக்கான்னு ஒரு கேள்வி, வெக்கங்கெட்டவளே. அவ திரும்பி ஒரு பார்வை பாத்தா பாரு, கோவமும் இல்ல, சிரிப்பும் இல்ல, இவ இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி வருவான்னு பாக்குத மாதிரி.

எல்லாம் தை மாசம் வந்த கேடு. மெட்ராஸ்ல கம்பெனி வேலைய விட்டுட்டு வந்து நின்னா, எதுக்கு விட்டேன்னு அவ சொல்லல, நானும் கேக்கல, பத்து நாள் அந்த ரூமுக்குள்ளயே கெடந்தா, பதினோராவது நாள் நான் கதவ உடைச்சேன். அவ்வளவுதான், அதுக்கு மேல நெனக்க மாட்டேன். ஒரு நிமிசம் பிந்தியிருந்தா... நெனக்க மாட்டேன்னு சொன்னேன்லா. திருநெல்வேலியில ஆஸ்பத்திரியில ஆறு நாள். தெருவுக்கு விசக்காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன், கோட்டயத்துல ஹோட்டல்ல நிக்குத அவ அப்பாவுக்கும் அதேதான், தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. டாக்டரம்மா சொன்னாங்க, தனியா விடாதீங்க, நச்சரிக்கவும் செய்யாதீங்க, ஆனா மனசு விட்டுப் பேசுங்கன்னு. மூணையும் ஒருத்தி எப்படிச் செய்வா? தனியா விடாம இருக்கது எனக்குத் தெரியும், அத மட்டும் செய்தேன். இருபத்திரெண்டு வருசமா வேலைக்குப் போன தறி ஷெட்ட விட்டேன், வீட்டுல இருந்து பாக்குத மாதிரி இந்தப் பிசிறு வெட்டுத வேலைய வாங்கிக்கிட்டேன். அந்த ரூம்ல துணி போடுத கொடிய அவுத்தேன், துப்பட்டா எல்லாம் என் பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன், சார்ஜ் போடுத வயர ஹாலுக்குக் கொண்டாந்தேன், உள் தாழ்ப்பாள ஒவ்வொரு ஸ்குருவா நானே கழத்துனேன். கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா.

மாசியில ஒரு வேலை புடிச்சா, வீட்டுலயே, லேப்டாப்புல. எங்கயோ வெளிநாட்டு ரோடாம், படம் படமா வருமாம், அதுல போற கார், சைக்கிள், மனுசன், நாய் எல்லாத்தையும் சுத்தி ஒரு கட்டம் போடணுமாம், இதுதான் மனுசன், இதுதான் நாய்னு கம்ப்யூட்டருக்குப் படிச்சுக் குடுக்காங்களாம், என்ன எளவோ. ஆனா அந்த மவுஸ் சத்தம், டிக், டிக்னு, அந்தச் சத்தத்துல நான் பொழைச்சுக் கெடந்தேன். பத்து தறி ஒண்ணா ஓடுத எடத்துல பக்கத்துல நின்னு கத்துனாலும் பேச்சு கேக்காது, ஆனா ஒரு இழை அறுந்து ஒரு தறி நின்னு போச்சுன்னா திரும்பிப் பாக்காமலே எதுன்னு சொல்லிருவேன், அப்படி வளந்த காது இது. மூணு மாசமா கதவுக்கு இங்கன உக்காந்து கேட்டேன், வேகமா வந்தா கூட்டமான ரோடு, ரெண்டு தட்டு தட்டி நின்னு, பிறகு ஒண்ணு வந்தா ஆளில்லாத ரோடு, ஒண்ணுமே வரலன்னா எந்திரிச்சுப் போவேன், போறதுக்குள்ள மறுபடி டிக்குனு வரும், உசுரு திரும்பும், உக்காருவேன்.

பிறகு எதுக்குட்டி அத மாத்துன? வயரு... அந்த மவுஸ் வயரு. முந்தாநாள் காலையில ரூம் பெருக்கும்போது பாத்தேன், மேசையில இருந்து கருப்பாத் தொங்குது, முழம் போட்டுப் பாத்தேன், மூணு முழம் இருந்துச்சு. கொடிக்கயித்த அவுத்தவ இத எப்படிட்டி விட்டே, மூதி, கண்ணு அவிஞ்சா போச்சு? அவ குளிக்கப் போன நேரமாப் பாத்து, லேப்டாப்புல சொருகுத எடத்துகிட்ட கத்தரிய வச்சு பாதி வெட்டி, மீதியக் கையால இழுத்து விட்டேன், தானா அறுந்த மாதிரி. வந்தா, எடுத்துப் பாத்தா, அறுந்த எடத்த விரலால தடவுனா, "வேற வாங்கணும்மா"ன்னா. நானே வாங்கிட்டு வாரேன் மக்கா, நீ வெயில்ல அலையாத, லேப்டாப் ரிப்பேர் பாத்த கடையிலயே நல்லதாக் கெடைக்கும்னு நான்தான் வளவளன்னு பேசுனேன். அன்னைக்கே ராஜபாளையம் ரோட்டுல ஞானதுரை அண்ணாச்சி கடைக்குப் போனேன், லேப்டாப்ப ரிப்பேர் பாத்ததும் அவருதான். ஏழெட்ட எடுத்துப் போட்டாரு, செவப்பு, நீலம், கைக்கு அடக்கமானது, பெருசு... எனக்கு என்ன தெரியும், வயர் இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்தேன். அவரே ஒண்ண எடுத்துக் குடுத்தாரு, இதுதான் நல்லதுன்னாரு, ஒரு பேட்டரி போட்டா ஒரு வருசம் ஓடுமாம். ஒரு தடவை அமுக்கிப் பாக்கணும்னு கூடத் தோணல, கூறு கெட்டவளுக்கு. வீட்டுக்குக் கொண்டாந்தேன், அவ நகத்தளவு சாமான் ஒண்ண லேப்டாப்புல சொருகுனா, அம்புக்குறி அங்கயும் இங்கயும் ஓடுச்சு, விரலால அமுக்குனா... பஞ்ச அமுக்குன மாதிரி, ஒண்ணுமே கேக்கல. நல்லாருக்கும்மான்னு சொன்னா.

இப்ப மணி மூணே கால். எட்டிப் பாத்தேன், உக்காந்துதான் இருக்கா, முதுகு தெரியுது, கை மவுஸ் மேல இருக்கு, அசையுதா அசையலையான்னு இங்கன இருந்து தெரியல. இனி பொறுக்க முடியாது. ஷஹீராவக் கூப்பிட்டு, பால்காரரு வருவாரு, பத்து நிமிசம் எங்க வீட்டு வாசல்ல உக்காந்திருட்டி, ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வாரேன்னேன். பால்காரரு ஆறு மணிக்குத்தான் வருவாரு, அவளுக்கும் அது தெரியும், இருந்தும் பூண்டத் தூக்கிக்கிட்டு உரிக்க வந்துட்டா, நல்ல பிள்ளை. வெயிலு மண்டையப் பொளக்குது, செருப்பு ஒரு காலுல மாறிப் போட்டிருக்கேன்னு பஸ் ஸ்டாண்டு கிட்ட வந்துதான் தெரியுது, போகட்டும். மனசுக்குள்ள ஒரே கணக்கு, போக ஏழு நிமிசம், வர ஏழு நிமிசம், கடையில ரெண்டு, மொத்தம் பதினாறு... ஷஹீரா பூண்டு உரிப்பாளா, உள்ள காது குடுப்பாளா, அவளுக்கு என்ன தெரியும், விசக்காய்ச்சல்தான தெரியும். ஓடுட்டி.

"என்னம்மா, இப்படி எரைக்க எரைக்க வாரிய, மவுஸ் வேலை செய்யலையா?" அண்ணாச்சி ஸ்டூலைத் தள்ளிப் போட்டாரு. வேலை எல்லாம் செய்யுது அண்ணாச்சி, சத்தம் வர மாட்டேங்குன்னேன். சிரிச்சுட்டாரு, "அது சைலண்ட் மவுசும்மா, இப்ப அதத்தான எல்லாரும் கேட்டு வாங்குதாங்க"ன்னாரு. எனக்குச் சத்தம் வாரதுதான் வேணும், நல்லாக் கேக்கணும், சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் கேக்கணும். அவரு சிரிப்ப நிறுத்திட்டு என்னயப் பாத்தாரு. "முந்தாநாள் நீங்க வாரதுக்கு முந்தியே உங்க பாப்பா போன் பண்ணுச்சும்மா. அம்மா வருவாங்க, வயர் இல்லாததுதான் கேப்பாங்க, அதுலயும் சத்தம் வராததாக் குடுங்க மாமான்னுச்சு. ஏம்மான்னு கேட்டேன். அம்மா நாள் பூரா காதத் தீட்டிக்கிட்டே உக்காந்திருக்காங்க, இனியாவது நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லுச்சு."

இனியாவது நிம்மதியா... வயர் இல்லாததுதான் கேப்பாங்க... அப்ப அறுந்த எடத்தத் தடவுனப்பவே அவளுக்குத் தெரியும், கத்தரின்னு தெரியும், எதுக்குன்னும் தெரியும், எல்லாம் தெரிஞ்சுதான் வேற வாங்கணும்மான்னு சொல்லியிருக்கா. இனியாவதுன்னா எப்ப இருந்து? நிம்மதியா இருக்கட்டும்னு யாரு சொல்லுவா, எந்த நெலமையில சொல்லுவா? அண்ணாச்சி வயர் இல்லாத வேற ஒரு மவுஸ டிக் டிக்னு அமுக்கிக் காட்டுதாரு, கணீர்னு கேக்கு, டப்பாவக் கையில புடுங்கிக்கிட்டு ஓடியாரேன், பின்னாடி அவரு என்னவோ சொல்லுதாரு, தெரு ஏன் இவ்வளவு நீளமாக் கெடக்கு, எவன் நீட்டுனான் இந்தத் தெருவ, தாயே கோமதியம்மா, என் பிள்ளைய இருந்த எடத்துல இருக்க வையி, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன், தாயே, தாயே...

வாசல்ல ஷஹீரா, "பால்காரரு வரலக்கா"ங்கா. அவளத் தாண்டி உள்ள பாஞ்சு கதவத் தள்ளுதேன். உக்காந்திருக்கா. திரும்பிப் பாக்கா. கதவு நிலையப் புடிச்சுக்கிட்டு நின்னேன். என் மூஞ்சியப் பாத்தா, கையில இருந்த டப்பாவப் பாத்தா, கைய நீட்டுனா. புதுசப் பிரிச்சு மாட்டிட்டு ஒரு தடவை அமுக்குனா. "கேக்காம்மா?" ம்னேன். மக்கா, நான் எதுக்குன்னா... நாலு மாசமா இந்த எடத்துலதான் நிக்குது பேச்சு. "போயி வேலையப் பாரும்மா, கேக்கும்"னா. மெதுவாத்தான் சொன்னா.

ஹாலுக்கு வந்து உக்காந்தேன். சேலைய மடியில போட்டேன். வருது, டிக்... டிக்... அப்பாடா, வருது. பெருமூச்சு விட்டேன், கத்தரிய எடுத்தேன், ஒரு பிசிறு, ரெண்டு பிசிறு, டிக்... டிக்... டிக்... என்ன இது, ஒரே சீரா வருது. கூட்டமான ரோட்டுக்கும் இப்படி வராது, ஆளில்லாத ரோட்டுக்கும் இப்படி வராது, எந்த ரோட்டுல காரும் மனுசனும் இப்படி எண்ணி வச்ச மாதிரி வருவாங்க? எனக்குக் கேக்கணும்னே அமுக்கிக்கிட்டு இருக்கா. படத்தப் பாக்காம, கட்டம் போடாம, சும்மா உக்காந்து, அம்மாவுக்குக் கேக்கட்டும்னு... சரி, இன்னைக்கு இப்படி. அப்ப இந்த மூணு மாசமா நான் கேட்டது? போறதுக்குள்ள மறுபடி வருமே, உசுரு திரும்பிச்சுன்னு உக்காருவேனே, அதுல எத்தனை எனக்காக அமுக்குனது? அந்த நேரம் எல்லாம் அவ உள்ள தனியா உக்காந்து என்ன நெனச்சுக்கிட்டு இருந்தா?