என்னை யார் கொடுப்பது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர். கற்றுக்கொள்பவர்கள் பயந்துபோய்க் கையைக் காலை உதறும்போதெல்லாம், பக்கத்து இருக்கையில் இருந்தபடி தன் பக்கத்துப் பிரேக்கை அவள் மிதித்துவிடுவாள். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. "ம், இப்போ மூச்சு விட்டுக்கோங்க" என்பாள். அவ்வளவுதான். அந்த நிதானம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. கணவர் உயிரோடு இருந்த நாளிலிருந்தே, விடிவதற்கு முன் எழுந்து, அடுக்களைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் காஸ் சிலிண்டருக்கும் அரிசி டின்னுக்கும் நடுவே கண்ணை மூடி உட்கார்ந்து சம்பாதித்தது.

கணவர் போய்ச் சில வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"நான் தியானத்துக்குப் போற மடத்துல சேரப்போறேன். துறவியா."

மகன் ஏ.சி. பழுதுபார்க்கும் கம்பெனி வைத்திருந்தான். எதையும் கழற்றிப் பார்த்துக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் அவன் சுபாவம். அன்றும் அதையே செய்தான்.

"யாரு என்ன சொன்னா உன்னை? இவ ஏதாவது சொன்னாளா?"

"நான் ஏங்க சொல்லப்போறேன்" என்றாள் மருமகள், தட்டை எடுத்தபடி.

"யாரும் ஒண்ணும் சொல்லலடா. இத்தனை வருஷமா தியானத்தை அரைகுறையா பண்ணிட்டிருக்கேன். உடம்புல தெம்பு இருக்கும்போதே முழுசாப் பண்ணணும்னு தோணுது."

"ஊர் என்ன பேசும் தெரியுமா? பையன் சோறு போடலன்னு பேசும்."

"நான் சம்பாதிச்சுத்தானேடா சாப்பிடறேன். உன் சோறு இதுல எங்க வந்துது?"

மூன்று மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சித்தப்பாவை விட்டுப் பேசச் சொன்னான். டாக்டரிடம் கூட்டிப்போய் மூட்டுவலியைக் காட்டினான். அவள் எல்லாவற்றுக்கும் போனாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு பையோடு மடத்துக்குக் கிளம்பினாள்.

மடத்தில் அவளை ஒரு வருடம் வெள்ளை உடையில் வைத்துப் பார்த்தார்கள். தலைமைத் துறவியை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். இவளைவிட நாலைந்து வயது இளையவர். முதல் நாள் இவள் "பெரியம்மா" என்று கூப்பிட நாக்கு வராமல் திணறியதைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். "பழகிடும்மா. எனக்கே பழக ரொம்ப நாளாச்சு."

அந்த வருடத்தை அவள் தன் வாழ்க்கையின் நல்ல வருடம் என்றுதான் பின்னாளிலும் சொன்னாள். கூடத்தைப் பெருக்குவது, காய் நறுக்குவது, உச்சிக்குப் பிறகு சாப்பாடு கிடையாது என்பது, வாயைத் திறக்காமல் ஒரு நாளை முடிப்பது எல்லாமே பிடித்துப்போயின. முழங்கால்தான் சண்டை போட்டது. அதற்கும் ஒரு சுவரோரத்தைப் பிடித்துக்கொண்டாள். முன்பெல்லாம் கண்ணை மூடினால் அடுத்து என்ன வேலை என்று மனசு கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். இப்போது அந்தத் தட்டல் ஓய்ந்திருந்தது. இங்கேயே செத்துப்போகலாம் என்று நிஜமாகவே நினைத்தாள்.

துறவு கொடுக்கும் நாள் நெருங்கியபோதுதான் பெரியம்மா அந்தச் சடங்கைப் பற்றிச் சொன்னார்.

"வீட்டுலேர்ந்து ஒருத்தர் வரணும். கூடத்துல எழுந்து நின்னு, 'இவங்களை மடத்துக்குக் கொடுக்கறோம்'னு சொல்லணும். புருஷன் இருந்தா புருஷன். இல்லன்னா மகன்."

"மகன் இல்லன்னா?"

"கூடப் பிறந்தவங்க."

"உங்களை யார் கொடுத்தாங்க?"

"என் தம்பி. அப்போ அவனுக்குப் பன்னெண்டு வயசு. சொல்லிட்டு ஓடிப்போய் வெளியில பந்து விளையாடினான்."

பெரியம்மா சிரிக்கத்தான் அதைச் சொன்னார். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு முழுக்க அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. தன் மகனுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். கிளட்ச் விடக் கற்றுக்கொடுத்தவளும் அவள். அவன் வந்து அவளைத் தூக்கிக் கொடுக்க வேண்டுமாம். பிறகு தன்னைத் தானே அடக்கிக்கொண்டாள். ஒரே ஒரு வாக்கியம்தானே, சொல்லிவிட்டுப் போகட்டும், இந்த வீம்பையும் சேர்த்துத்தானே விட வந்திருக்கிறோம் என்று. மகனுக்குப் போன் போட்டாள். அவன் நீளமாகப் பெருமூச்சு விட்டு, "வரேம்மா" என்றான்.

அன்று காலையில் தலையை மழித்தார்கள். நரைத்த முடி மடியில் விழுந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. லேசாக இருந்தது. பழுப்பு உடையை மடித்துக் கையில் கொடுத்தார்கள். அதை ஏந்திக்கொண்டு கூடத்தின் நடுவில் மண்டியிட்டாள். துறவிகள் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மகன் இஸ்திரி போட்ட சட்டையில், அம்மாவின் தலையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முழு மனசோட கொடுக்கறீங்களா?" என்று பெரியம்மா முறைப்படி கேட்டார்.

மகன் தொண்டையைச் செருமினான். "கொடுக்கறேன். ஆனா ஒரு விஷயம். என் மனைவி மாசமா இருக்கா. பிரசவத்துக்கு அம்மா வரணும். ஒரு ஆறு மாசமாவது அனுப்பணும்."

கூடத்தில் யாரோ இருமினார்கள். பெரியம்மா யோசித்தார். "ஆறு மாசம் கஷ்டம். குடும்பத்துல அவசரம்னா மூணு மாசம் வரைக்கும் போகலாம், விதியில இடமிருக்கு."

"மூணு மாசத்துல குழந்தைக்குத் தலையே நிக்காதுங்களே. நாலாவது கொடுங்க."

"நாலுன்னா நான் மத்தவங்களைக் கேக்கணும்."

மழித்த தலைக்கு மேலே இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். இருவர் குரலிலும் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அவள் கையை ஊன்றாமல் எழுந்தாள். முழங்கால் சத்தம் போட்டது.

"கொஞ்சம் நிறுத்துங்க ரெண்டு பேரும்."

நிறுத்தினார்கள்.

"பெரியம்மா, ஒண்ணு கேக்கறேன். என்னை நானே கொடுத்தா வாங்கிக்குவீங்களா?"

"அப்படி ஒரு முறை இல்லம்மா" என்றார். அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"இவன் கொடுத்து நான் வந்தேன்னா, நான் விட்டதா ஆகாது. இவன் விட்டதாத்தான் ஆகும். எங்கிட்ட இருக்கறதே நான் ஒருத்திதான். அதையும் இன்னொருத்தன் கையால கொடுக்கணும்னா எனக்கு வேண்டாம்."

"கோபத்துல முடிவு எடுக்காதீங்க."

"கோபம் இருக்கு, இல்லங்கல. ஆனா முடிவு அதனால இல்ல."

பழுப்பு உடையைப் பெரியம்மாவின் முன்னால் வைத்தாள். தரையில் நெற்றி பட வணங்கினாள். அந்தக் கூடத்தின் மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

காரில் மகனுக்கு நிலைகொள்ளவில்லை. "நல்லவேளை. வீட்டுல உனக்கு ரூம் தயாரா இருக்கும்மா. உன் மருமகளும் சந்தோஷப்படுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"வண்டியை ஓரமா நிறுத்து."

"ஏன், மயக்கம் வருதா?"

"நிறுத்துடா. இறங்கி இந்தப் பக்கம் வா. நான் ஓட்டறேன். என் வீட்டுக்குப் போறோம், உன் வீட்டுக்கு இல்ல."

அவன் இடம் மாறி உட்கார்ந்தான். பாதி வழியில் பெட்ரோல் போட நின்ற இடத்தில், கழிவறைக் கண்ணாடியில் மொட்டைத் தலையைப் பார்த்தாள். அப்போதுதான் உடைந்தாள். குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்தாள். அந்தச் சுவரோரம், அந்த அமைதி, அந்த மௌனம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தாள்.

"அப்போ நீ துறவியும் இல்ல, வீட்டுக்கும் வரல. என்னதான் கணக்கு இது?" என்றான் மகன்.

"கணக்கு உனக்குப் புரியணும்னு அவசியம் இல்ல."

அவள் வாடகை வீட்டைக் காலி செய்திருக்கவில்லை. சாமான் அறையிலிருந்து சிலிண்டரை வெளியே வைத்தாள், அரிசி டின்னை வெளியே வைத்தாள். இனி அந்த அறையில் சாமானுக்கு இடம் கிடையாது. உச்சிக்குப் பிறகு சாப்பிடுவதில்லை என்பதை விடவில்லை. காலையில் போனை அணைத்துக் கதவைச் சாத்தினால், திறக்கிறபோதுதான் திறப்பாள். முடியையும் வளரவிடவில்லை. மாதாமாதம் அவளே மெஷின் வைத்து மழித்துக்கொண்டாள். சீருடையான நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பியபோது, ஏதோ வியாதி என்று எல்லோரும் குரலைத் தாழ்த்தினார்கள். "வியாதி இல்ல, எனக்குப் பிடிச்சிருக்கு" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். மடத்துத் தியானக் குழுவில் சிலர், பாதியில் ஓடி வந்தவள் என்றார்கள். அவர்களுக்கு அவள் பதிலே சொல்லவில்லை.

குழந்தை பிறந்ததும் போனாள். யாரும் அனுப்பிப் போகவில்லை. பிற்பகலில் போய் ராத்திரி திரும்பிவிடுவாள். மகன் முணுமுணுத்தான். மருமகள்தான் ஒருநாள் அவனை அடக்கினாள். "காலையில அத்தையைக் கூப்பிடாதீங்க. அது அவங்க நேரம். நமக்குக் கொடுக்கறதே பெரிசு."

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் விடியலில் கதவு தட்டப்பட்டது. அவள் உட்கார்வதற்கு முந்தின நேரம். திறந்தால் பெரியம்மா, நனைந்த குடையோடு.

"முறையை மாத்திட்டோம். ஒரு வருஷமா சண்டை போட்டு மாத்தினேன். இனிமே யாரும் யாரையும் கொடுக்க வேண்டாம். தானே சொன்னாப் போதும். வாங்க, போகலாம்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குடையை வாங்கி மூலையில் சாய்த்தாள்.

"நல்ல காரியம் பண்ணீங்க பெரியம்மா. வர்றவங்களுக்கு உதவும். நான் வரல."

"இன்னும் கோபமா?"

"கோபம் என்னைக்கோ போயிடுச்சு. முதல்ல, வேற வழியில்லாமத்தான் இங்க உக்காந்தேன். இப்போ கதவு திறந்திருக்குன்னு தெரிஞ்சும் இங்கதான் உக்காரணும்னு தோணுது. நானா பார்த்துக்கிட்ட இடம் இது. யார் கேட்டாலும் தரமாட்டேன். நீங்க கேட்டாலும்."

பெரியம்மா அந்தச் சின்ன அறையை எட்டிப் பார்த்தார். ஒரு பாய், ஒரு ஜன்னல்.

"இங்க ரெண்டு பேர் உக்காரலாமா?"

"கால் இடிக்கும். பரவாயில்லன்னா வாங்க."

பாயை அகலவாட்டில் திருப்பிப் போட்டாள். இருவரும் உட்கார்ந்தார்கள். வெளியே நன்றாக விடிந்து, தெருவில் வண்டிச் சத்தம் கூடும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு அவள் எழுந்து நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். முதல் வகுப்புக்கு மருந்துக்கடைக்காரர் ஒருவர் வருவதாக இருந்தது. அவருக்கு ரிவர்ஸ் என்றாலே உதறல்.