நீர் உயரம், சென்டிமீட்டரில்

எனக்குக் கோபம் வந்தால் வாய் ஓடுவதற்கு முன்னால் கை ஓடும். யோசிப்பதற்குள் மெயில் போய்ச் சேர்ந்திருக்கும். "ஷாலின், ஒருநாள் நீயே மாட்டிக்குவே" என்று வீட்டில் சொல்வார்கள். மாட்டிக்கொண்டேன்.

ஒரகடம் பக்கம் ஒரு கல்லூரியில் புவி அமைப்பு அறிவியல் அறிமுகப் பாடம் எடுக்கிறேன். மாலை வகுப்பு. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வருகிறவர்கள்தான் பாதிப் பேர். மழை மண்ணுக்குள் என்ன ஆகிறதென்று புரியட்டுமே என்று ஒரு பயிற்சி கொடுத்தேன். ஆளுக்கொரு கிணறு, பதினாறு சனிக்கிழமை. நிற்கும் நீரின் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, தாளில் அதற்கென்று இருக்கும் ஒரே கட்டத்தில் எழுத வேண்டும்.

ஃபிரடி எழுதியதுதான் வகுப்பிலேயே உருப்படி. வடக்குப்பட்டுக்காரன், இருபத்தேழு வயது, கார் பாகம் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறவன். மழை பெய்த மூன்றாம் நாள் அவன் கிணற்றில் நீர் ஏறும், பிறகு மெல்ல இறங்கும். அவன் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, "இதப் பாத்தாவது கத்துக்கோங்க" என்று மற்றவர்களைத் திட்டினேன்.

பதினாறாவது சனிக்கிழமை காலை, அவன் குறித்திருந்த இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் தேடினேன். கிணறே இல்லை. லாரி நிறுத்தும் கான்கிரீட் முற்றம். அடப்பாவி! பதினைந்து வாரமும் உட்கார்ந்த இடத்தில் எண்களை இட்டுக்கட்டியிருக்கிறான். அடுத்தவர் நிலத்தில் இல்லாத கிணற்றைக் காட்டிவிட்டானே என்று, முற்றத்தின் நிர்வாகத்துக்கே மெயிலில் கடிதம் அனுப்பினேன்: 'உங்கள் இடத்தில் கிணறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துவிட்டேன். எங்கள் மாணவர் பொய்யாக எழுதியதற்கு வருந்துகிறோம்.' கீழே என் கையெழுத்து, கல்லூரி முத்திரை. பிறகு அவனை ஃபோனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"ஒருவாட்டி வந்து பாருங்க மிஸ். அப்பால ஃபெயில் போடுங்க" என்றான்.

மதியம் போனேன். புதன்கிழமை பெய்த மழை எப்போதோ காய்ந்து, முற்றம் வெளுத்துக் கிடந்தது. நடுவில் மட்டும் ஒரு வட்டம், கருப்பாக, ஈரமாக. அதற்குள் கால் வைக்காமல் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள் ஒரு அம்மாள்.

"எங்கம்மா, ஞானம்மா" என்றான் ஃபிரடி. "இதுக்குக் கீழதான் கெணறு கீது மிஸ். மண்ணு கொட்டி மூடிட்டாங்க. மூணாம் நாளு ஈரம் மேல வரும். அந்த அகலத்தத்தான் அளந்து எழுதினேன். வேற கட்டம் இல்லியே."

எண்கள் எல்லாம் உண்மை. கட்டம்தான் தப்பு. எனக்குச் சிரிப்புகூட வந்தது. "இதுக்குப் போயி இவ்ளோ பாடா?" என்றேன்.

"எங்கண்ணன் மைக்கேல்ராஜ் உள்ள கீறான் மிஸ்."

சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிலத்தைச் சமன் செய்தபோது, பழைய மோட்டாரைக் கழற்ற அவனை இறக்கியிருக்கிறார்கள். ஆள் உள்ளே இருப்பது தெரியாமல் லாரி மண்ணைக் கொட்டிவிட்டது. ஓடிப்போய்விட்டான் என்று காண்ட்ராக்டர் சொன்னார். கிணறே இல்லாத நிலத்தில் எங்கே விழுந்தான் என்று, கிணறு குறிக்காத நிலப் பதிவுக் காகிதத்தைக் காட்டி நிர்வாகத்தார் கேட்டார்கள்.

"கெணறு இருந்துச்சுன்னு காலேஜ் சீல் வச்ச பேப்பர் குடுத்தா தோண்டச் சொல்லலாம்னு வக்கீல் சொன்னாரு. அதுக்குத்தான் இந்தக் கோர்ஸ்ல சேந்தேன்."

ஞானம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "புள்ள பக்கத்துல இருக்கணும்னுதான் இங்க பெருக்குற வேலைக்கு வந்தேன் டீச்சரம்மா. சோறுகூட இங்கதான் குந்திகினு துன்னுவேன். நீங்க சொன்னா தோண்டுவாங்களா?"

என் ஃபோன் அதிர்ந்தது. முற்றத்தின் நிர்வாகம். 'மிக்க நன்றி மேடம். உங்கள் கடிதத்தை எங்கள் வக்கீலிடம் கொடுத்துவிட்டோம்.'

மறைக்க முடியவில்லை. காலையில் என்ன எழுதினேன் என்பதை ஒரு வரி விடாமல் சொன்னேன். ஞானம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் வட்டத்தின் பக்கம் குனிந்து, "இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கடா" என்றாள்.

ஃபிரடி என் முகத்தைப் பார்க்கவில்லை. டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான். "புடிங்க மிஸ். இன்னிக்கி அளக்கணும்."

மண்டியிட்டுப் பிடித்தேன். கான்கிரீட் சுட்டது, வட்டத்தின் ஓரம் மட்டும் சில்லென்றிருந்தது. இருநூற்று அறுபது சென்டிமீட்டர். அவன் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் போட்ட அதே கையெழுத்து.