வாத்தி கேட்ட கருப்பு

“வாத்தி எதைச் சொல்லிட்டுப் போனானோ அதைத்தான் வாங்கறோம். ஓஎல்இடி டிவி. கடையில எதைக் காட்டினாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது, சரியா?”

“நான் எதுக்குங்க வாயைத் திறக்கப் போறேன்? கண்ணையாவது திறந்து பார்க்கலாமா, அதுக்கும் தடையா?”

டிவிக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளியபடி இப்படிப் பேசிக்கொண்டு நுழைந்தார்கள் லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும். அவள் தையல்காரி. கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள். அதற்குள் இருந்த போனை எதற்காக எடுத்து வந்தாள் என்று புருஷனிடம் சொல்லவில்லை.

வாத்தி அவர்களுடைய ஒரே மகன். எதைக் கேட்டாலும் பாடம் நடத்தாமல் விடமாட்டான் என்பதால் அப்பா வைத்த பெயர். வீட்டிலேயே ஒரு தியேட்டர் வேண்டுமென்று அப்பனும் மகனும் சாப்பாட்டுத் தட்டு காயக் காய வாதாடுவார்கள். மாடி அறையின் சுவர், கூரை எல்லாவற்றுக்கும் அவனே கருப்பு வண்ணம் அடித்தான். ஜன்னல் இடுக்குகளில் அம்மாவின் வெட்டுத்துணிகளைத் திணித்தான். அடுத்த வாரம் பைக்கில் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன்தான் வந்தது.

ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த அறையைப் போன வாரம் அப்பா திறந்தார். “அவன் நினைச்சபடி ஒண்ணை முடிச்சு வைக்கணும்மா. இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது” என்றார். அவளும் தலையாட்டினாள். அவளுக்கு வேண்டியது வேறு.

“வாங்க சார், வாங்கம்மா. ப்ரொஜெக்டர் பார்க்கறீங்களா? சுவர் முழுக்கப் படம் வரும்” என்றாள் விற்பனைப் பெண்.

“அதை என் மகன் அப்பவே தள்ளிட்டான். உள்ள இருக்கற விசிறி இரையும்னான்” என்றார் மெக்கானிக்.

“அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே சார்?”

மெக்கானிக் பக்கத்து டிவியின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். “வர முடியல” என்றாள் மனைவி.

ஓஎல்இடி முன்னால் போய் நின்றதும் அவர் விளக்க ஆரம்பித்தார். “இங்க பாரு. இதுல ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு. கருப்பு வேணும்னா விளக்கே அணைஞ்சிடும். மத்ததுல எல்லாம் பின்னாடி விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், முன்னாடி மறைச்சுத்தான் கருப்புன்னு காட்டுவான். வெளிச்சம் கசியும். ‘அப்பா, அது கருப்பில்ல, சாம்பல்’னு சொல்லுவான்ல?”

பேசுவது புருஷன், வார்த்தை மகனுடையது. அவள் திரையைப் பார்த்தாள். வெல்வெட்டு மாதிரி இருட்டு. அதில் நட்சத்திரங்கள் ஊசி குத்தினாற்போல் மினுங்கின. குறை சொல்ல ஒன்றுமில்லை.

பையிலிருந்து போனை எடுத்தாள். “ஏம்மா, இதுல ஒரு வீடியோ இருக்கு. இந்த டிவியில போட முடியுமா?”

மெக்கானிக்கின் முகம் மாறியது. “அதையா? இங்கயா? வேண்டாம்மா.”

“நீங்க வேணும்னா வெளியில நில்லுங்க. வீட்டுல நான் இதைப் போட்டா அப்படித்தானே எழுந்து போறீங்க?”

அவர் போகவில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வண்ணம் அடித்து முடித்த அன்று, கதவைச் சாத்திவிட்டு, அறை எவ்வளவு இருட்டு என்று பெருமையடிக்க, திரை வெளிச்சத்தை முடிந்தவரை குறைத்த போனில் மகன் எடுத்த வீடியோ. திரையில் கும்மிருட்டு. குரல் மட்டும் வந்தது.

“அம்மா, என் மூஞ்சி தெரியுதா?”

“தெரியலடா. பேய் மாதிரி குரல்தான் வருது.”

“தெரியலையா? அப்ப ரூம் ரெடி!”

ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் வீடியோ. போனில் எத்தனை தடவை பார்த்தாலும் இதே இருட்டுதான். பெரிய திரையில் போட்டாலாவது முகம் வருமென்று நம்பி வந்திருந்தாள்.

“வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கறேன்மா” என்று விற்பனைப் பெண் ரிமோட்டை அழுத்தினாள். இருட்டு கட்டங்கட்டமாக உடைந்து அழுக்குத் திட்டுகளாயிற்று. முகம் இல்லை.

“போதும், விடும்மா” என்றார் அவர், திரும்பாமலே. “இதையே பில் போடு.”

“இருங்க. நூலோட நிறத்தைத் துணியோட சேர்க்கறப்ப ஒரே வெளிச்சத்துல பார்த்தா ஏமாந்துடுவோம். கண்ணு, மத்த டிவியிலயும் போட்டுக் காட்டேன்.”

அடுத்ததில் இல்லை. கூடவே வந்த அவர் அங்கேயும் முதுகைக் காட்டி நின்றார். அதற்கடுத்ததில் ஏதோ அசைந்தது, இன்னதென்று தெரியவில்லை.

“மூலையில ஒண்ணு இருக்கே?”

“அது பழைய சரக்கும்மா. எல்இடி. வெளுத்துப்போய்த் தெரியும், யாரும் எடுக்கறதில்ல. அந்த மூலையில வெளிச்சமும் கம்மின்னு திரையோட பிரைட்னஸை ஃபுல்லா ஏத்தி வச்சிருக்கோம்.”

“பரவாயில்ல, போடு.”

போட்டாள். கருப்பு கருப்பாக இல்லை. கரி படிந்த பாத்திரத்தைத் துடைத்த தண்ணீர் நிறம். அந்தக் கலங்கலுக்குள்ளிருந்து ஒரு நெற்றி வந்தது. மூக்கு வந்தது, மூக்குமேல் வண்ணத் தீற்றல். கன்னத்தில் சிரிப்புக்கு முன்னால் வரும் அந்தக் குழி.

அவள் கை தானாகப் பின்னால் நீண்டு புருஷனின் சட்டையைப் பிடித்தது. “ஏங்க. திரும்புங்க.”

“வேண்டாம்.”

“வாத்தி இருக்கான். திரும்பிப் பாருங்க.”

திரும்பினார். வீடியோ முடிந்திருந்தது. விற்பனைப் பெண் மறுபடி போட்டாள். அவர் திரைக்குப் பக்கத்தில், மூக்கு முட்டும் அளவுக்குப் போய் நின்றார். கடைசிச் சிரிப்பு வரை நின்றார்.

“மூக்குல பெயிண்ட்டு” என்றார். “சொல்லியிருந்தா துடைச்சு விட்டிருப்பேன்ல.”

பிறகு டிவியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “இதை வாங்கினா அவன் என்ன சொல்லுவான் தெரியுமா? ‘அப்பா, இதெல்லாம் ஒரு டிவியா?’ம்பான்.”

“சொல்லட்டும்ங்க. வந்து சொல்லட்டும்.”

மெக்கானிக் விற்பனைப் பெண் பக்கம் திரும்பினார். மூலை டிவியை விரலால் காட்டினார். “இதைக் கட்டிக் கொடும்மா. செட்டிங் எதையும் மாத்தாத, அப்படியே இருக்கட்டும்.”

மாடி அறையின் கருப்புச் சுவரில் அதை மாட்டினார்கள். சாத்திய அறையில் பட்டப்பகலிலும் ஒரு பொட்டு வெளிச்சமில்லை. மகன் அடைத்த துணி இன்னும் இடுக்குகளில் இறுக்கமாக இருந்தது. டிவியைப் போட்டதும் அந்தச் சாம்பல் வெளிச்சம் கசிந்து சுவரில் பரவியது. அவன் பாடுபட்டுச் சேர்த்த இருட்டெல்லாம் வீண்.

“அம்மா, என் மூஞ்சி தெரியுதா?”

“தெரியலடா” என்றது டிவிக்குள் இருந்த அவள் குரல்.

“தெரியுதுடா கண்ணு” என்றாள் தரையில் உட்கார்ந்திருந்தவள்.

“தெரியலையா? அப்ப ரூம் ரெடி!”

வீடியோ நின்றது. பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மெக்கானிக் ரிமோட்டைத் தடவி எடுத்தார்.

“இன்னொரு தடவை போடறேன். இந்தத் தடவை நீ முந்திக்கிட்டுச் சொல்லு.”